முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்: பிரிட்டிஷ் பிரபுக்களின் பழைய அச்சுப் படங்களுக்கு ஒரு வழிகாட்டி

பொய்முடி, மார்பில் ஒரு நட்சத்திரம், குறுக்கே ஒரு நாடா, கையில் சுருட்டிய காகிதம், பின்னால் திரைச்சீலை. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிரபுக்களின் அச்சுப் படங்களை முதல்முறை பார்ப்பவருக்கு எல்லோரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரிவார்கள். இணைய ஏலங்களிலும் அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்புகளிலும் இவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் பத்தாவது படத்திலேயே அலுத்துவிடும்.

என் யோசனை ஒன்றுதான். முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் படத்தின் ஓரம், அப்புறம் அடியில் உள்ள எழுத்து, காகிதம், உடையில் உள்ள சின்னங்கள் என்று போங்கள். யார், எப்போது, யார் செலவில், எதற்காக என்ற கேள்விகளுக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. முகம் சில நேரம் பொய்கூடச் சொல்லும். அதற்கும் வருவோம்.

எதற்காக இத்தனை படங்கள்?

ஒரு பிரபுவின் எண்ணெய் ஓவியம் அவருடைய கிராமத்து மாளிகையில் தொங்கும். குடும்பத்தாரும் விருந்தாளிகளும் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. அந்த ஓவியத்தைப் பார்த்துச் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டு, லண்டன் அச்சுப்படக் கடை ஜன்னலில் தொங்கவிட்டால்தான் ஊர் பார்க்கும். நம் ஊர் டீக்கடையில் தலைவர் படம் மாட்டுகிற மாதிரி, அந்தக் கட்சி அபிமானி வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டுவார். ஓவியருக்கு விளம்பரம், கடைக்காரருக்குக் காசு, பிரபுவுக்குச் செல்வாக்கு. சில தகடுகள் விற்பனைக்கே வராதவை. குடும்பமே பணம் கொடுத்து வெட்டவைத்து, அச்சிட்ட பிரதிகளை நண்பர்களுக்குக் கொடுத்திருக்கும்.

செய்தி சூடாக இருந்தால் விற்பனையும் சூடாக இருக்கும். பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணை ஏற்ற 1745இல் நடந்த ஜேக்கபைட் கலகத்தில் சம்பந்தப்பட்ட ஸ்காட்லாந்துக் கிழப் பிரபு சைமன் ஃபிரேசர், லோவட் பிரபு, விசாரணைக்காக லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஓவியரும் செதுக்குநருமான ஹோகார்த் வழியில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்கே போய் அவரை வரைந்துகொண்டு வந்தார். பருத்த உடம்பு, தந்திரமான சிரிப்பு, ஒரு கையின் விரல்களில் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார். தன் பக்கம் நின்ற குலங்களின் கணக்கு அது என்பார்கள். 1746 ஆகஸ்டில் வெளிவந்த அந்தப் படத்தின் விலை ஒரு ஷில்லிங். இரவிலும் அச்சுப்பொறியை நிறுத்தாமல் ஓட்டியும் தேவைக்குப் போதவில்லையாம், சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 12 பவுண்டு வந்ததாகச் சொல்வார்கள். 1747 ஏப்ரல் 9 அன்று டவர் ஹில்லில் லோவட்டின் தலை வெட்டப்பட்டது. பிரிட்டனில் அப்படித் தலை வெட்டிக் கொல்லப்பட்ட கடைசி மனிதர் அவர்தான்.

முதலில் ஓரம்

உலோகத் தகட்டை ஈரக் காகிதத்தோடு சேர்த்து உருளைக்கு நடுவே அழுத்தும்போது, தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதியும். படத்தைச் சுற்றி, கொஞ்சம் தள்ளி, செவ்வகமாக ஒரு அமுக்கம். விரல் நுனியால் தடவினாலே தெரியும். இதைத் தகட்டுத் தடம் என்று வைத்துக்கொள்வோம். அது இருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அதுவே போதாது. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த, புகைப்பட முறையில் தகடு செய்து எடுத்த ஃபோட்டோகிராவ்யூர் பிரதிகளிலும் இந்தத் தடம் இருக்கும், ஏனென்றால் அவையும் தகட்டிலிருந்து எடுத்தவையே.

அதனால் அடுத்த கணமே பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுங்கள். வரிசை மாறாமல் சம இடைவெளியில் புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ எடுத்த நவீன அச்சு, வைத்துவிடுங்கள். உண்மையான வேலையில் மூன்று வகை அதிகம் பார்ப்பீர்கள்.

கோட்டு வேலையில், பியூரின் என்னும் சிறு உளியால் கோடு கோடாக வெட்டியிருப்பார்கள். கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடியும் இடத்தில் மறுபடி மெலியும். கன்னத்தின் வளைவோடு கோடும் வளையும். ஸ்டிப்பிள் வேலையில் புள்ளிகள் உண்டு, ஆனால் ஒழுங்கற்றவை. நெற்றியில் அரிதாகவும் தாடையின் நிழலில் நெருக்கமாகவும் இருக்கும்.

மூன்றாவது மெசோடின்ட். இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. 1642இல் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் ஃபான் சீகன் தொடங்கிய முறை இது. ஆனால் இங்கிலாந்தில் ஊன்றிய ஊன்றலில் பிரெஞ்சுக்காரர்களே இதை ஆங்கிலேய பாணி என்று அழைத்தார்கள். பல்வரிசை உள்ள வளைந்த கருவியை ஆட்டி ஆட்டித் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் அச்சிட்டால் முழுக் கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி, தேய்த்து, மழமழப்பாக்குவார்கள். அதாவது இருட்டிலிருந்து முகத்தை வெளியே எடுக்கிற வேலை. வெல்வெட் கோட்டும் பட்டு நாடாவும் இதில் வருகிற மாதிரி வேறெதிலும் வராது. உருவப்பட ஓவியர் ரெனால்ட்ஸின் ஓவியங்களை இந்த முறையில் வெட்டிய ஐரிஷ்காரர் ஜேம்ஸ் மக்கார்டெல்லின் பிரதி ஒன்றை நல்ல நிலையில் பார்த்துவிட்டால் பிறகு மற்றதெல்லாம் கொஞ்சம் வறட்சியாகத்தான் தெரியும்.

மெசோடின்டின் பலவீனம், தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். முதலில் எடுத்த பிரதிகளில் கறுப்பு ஆழமாக இருக்கும், சில நூறு பிரதிகளுக்குப் பிறகு சாம்பல் பூத்துவிடும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளுக்கு விலை பல மடங்கு வேறுபடுவது இதனால்தான். கோட்டு வேலைத் தகடு ஆயிரக்கணக்கில் தாங்கும். 1820களில் எஃகுத் தகடு வந்தபின் எண்ணிக்கை பற்றிய கவலையே போய்விட்டது. அதோடு படங்களின் உயிரும் கொஞ்சம் போய்விட்டது என்பது என் கருத்து.

அடியெழுத்தைப் படியுங்கள்

படத்துக்கு நேர் கீழே இடது மூலையில் ஒரு பெயரும் 'பின்க்ஸிட்' என்ற லத்தீன் சொல்லும் இருக்கும். அவர் மூல ஓவியத்தைத் தீட்டியவர். 'டெலினியாவிட்' என்றிருந்தால் அவர் கோட்டோவியமாக வரைந்தவர். வலது மூலையில் 'ஸ்கல்ப்ஸிட்' என்று வருபவர் தகடு வெட்டியவர். 'எக்ஸ்கூடிட்' என்பது அச்சிட்டு வெளியிட்டவர். 'பின்க்ஸ்.', 'ஸ்கல்ப்.' என்று சுருக்கியும் போடுவார்கள்.

இதைவிட முக்கியமானது அடிவிளிம்பில் பொடி எழுத்தில் ஓடும் வெளியீட்டு வரி. தங்கள் படங்களைக் கண்டவர்களும் திருடி அச்சிடுவதைத் தடுக்க ஹோகார்த்தும் சக கலைஞர்களும் நாடாளுமன்றத்தில் முறையிட்டதில், செதுக்கோவியர் காப்புரிமைச் சட்டம் 1735 ஜூன் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியீட்டுத் தேதியும் இருந்தால் 14 ஆண்டுக் காப்பு. 1767இல் அது 28 ஆண்டாயிற்று. அதனால்தான் நாள், மாதம், ஆண்டு, கடை இருந்த தெரு எல்லாம் அந்த வரியில் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டம் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

எழுத்தே இல்லாத பிரதியைக் கண்டால் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்து வெட்டுவதற்கு முன் எடுத்த முதல் பிரதியாக இருக்கலாம், சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள். ஆனால் எழுத்துப் பகுதியை யாரோ கத்தரித்துவிட்டதாகவும் இருக்கலாம். கீழே தகட்டுத் தடம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள்

நெருக்கமான மெல்லிய கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி விட்ட கோடுகளும் தெரிந்தால் பழைய கம்பிச் சல்லடைக் காகிதம். கோடே இல்லாமல் சீராக இருந்தால், ஜேம்ஸ் வாட்மன் 1750களில் கொண்டுவந்த புதுவகை அல்லது அதற்குப் பிந்தியது.

நீர்க்குறியில், அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும் காகித ஆலையின் அடையாளத்தில், ஆண்டு இருந்தால் அதிர்ஷ்டம். 1794ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குப் பிறகு பிரிட்டிஷ் காகித ஆலைகள் நீர்க்குறியில் ஆண்டையும் சேர்க்கத் தொடங்கின. வெளியீட்டு வரியில் 1775 என்று இருக்கிறது, நீர்க்குறியில் 1812 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே உண்மைதான். 1775இல் வெட்டிய தகட்டிலிருந்து 1812க்கு முன்னால் எடுத்திருக்க முடியாத பிரதி அது. விற்பவர் '1775ஆம் ஆண்டு அசல்' என்று எழுதியிருப்பார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்த விலையும் கொடுக்க வேண்டாம்.

நட்சத்திரமும் நாடாவும் கிரீடமும்

இப்போது உடைக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடாவின் நிறம் தெரியாது. ஆனால் எந்தத் தோளில் போகிறது என்பது தெரியும். இங்கிலாந்தின் மிக உயர்ந்த அரச விருதான கார்ட்டர் விருதின் நீல நாடா இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குப் போகும். பாத் விருதின் சிவப்பு நாடா வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு. ஸ்காட்லாந்தின் திஸில் விருதுக்குப் பச்சை நாடா, அதுவும் இடது தோள்தான், அதனால் நட்சத்திரத்தின் நடுவில் இருப்பதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கார்ட்டர் நட்சத்திரத்தின் நடுவே சிலுவையும் அதைச் சுற்றி வார்ப்பட்டையும் இருக்கும்.

விருது எதுவானாலும் நட்சத்திரம் இடது மார்பில்தான். வலது மார்பில் இருந்தால் விசேஷம். தகட்டில் வெட்டியது காகிதத்தில் இடவலம் மாறி விழும் என்பதால், பொறுப்பான செதுக்குநர் மூலத்தைக் கண்ணாடியில் பார்த்து, மாற்றி வெட்டுவார். வேறொருவர் அச்சிட்ட படத்தை அவசரமாகப் பார்த்து அப்படியே வெட்டுகிறவருக்கு அதற்கெல்லாம் பொறுமை இருக்காது. நட்சத்திரம் வலது பக்கம் தாவிவிடும், வாளும் இடுப்பின் தப்பான பக்கத்துக்குப் போய்விடும். பெரும்பாலும் அது மலிவு நகல்.

கிரீடம் பக்கத்து மேஜையில் கிடக்கும், அல்லது அடியெழுத்தின் நடுவே குலச்சின்னத்தின் மேல் இருக்கும். முழுக் கிரீடமும் படத்தில் தெரியாது, முன்பக்கம் மட்டும்தான். பட்டங்களை உயர்ந்ததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். டியூக் என்றால் ஐந்து ஸ்ட்ராபெரி இலைகள். மார்க்வஸ் என்றால் மூன்று இலை, நடுநடுவே இரண்டு முத்து. ஏர்ல் என்றால் உயரமான கூர்களின் உச்சியில் ஐந்து முத்து, இடையில் சின்ன இலைகள். வைகவுண்ட் கிரீடத்தில் முத்துகள் நெருக்கமாக வரிசைகட்டும். கடைசிப் பட்டமான பேரனுக்கு (Baron) நான்கு முத்து. அங்கியில் இருந்தால் எர்மின் என்னும் சிறு விலங்கின் வெள்ளைத் தோல் வரிசைகளையும் எண்ணலாம். டியூக்குக்கு நான்கு, மார்க்வஸுக்கு மூன்றரை, ஏர்லுக்கு மூன்று, வைகவுண்டுக்கு இரண்டரை, பேரனுக்கு இரண்டு. அரை வரிசையில்கூட அந்தஸ்து பார்த்தவர்கள்!

இந்த நாடாக்களுக்குப் பின்னால் அரசியல் இருந்தது. அப்போதைய பிரதமர் ராபர்ட் வால்போல் பிரபு அல்ல, மக்களவையில் உட்கார்ந்துதான் ஆட்சி நடத்தினார். 1726இல் அவருக்குக் கார்ட்டர் கிடைத்தபோது, வெகுகாலத்துக்குப் பிறகு பிரபு அல்லாத ஒருவருக்குக் கிடைத்த விருது என்பதால் எதிரிகள் 'சர் ப்ளூஸ்ட்ரிங்' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். நீலக் கயிற்றுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வந்த அவருடைய படங்களில் நாடாவும் நட்சத்திரமும் எவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன என்று கவனியுங்கள். கிண்டலுக்குப் பதில் அதுதான்.

பட்டத்தை வைத்துத் தேதி கணிப்பது

தேதி இல்லாத படங்களில்தான் இந்த வித்தையின் சுவை. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம்: கார்ன்வாலிஸ். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய அவருடைய பளிங்குச் சிலை நிற்கிறது, பீடத்தில் திப்புவின் மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி இருக்கிறது. அதே மனிதரின் அச்சுப் படம் ஒன்று, வெளியீட்டு வரி கத்தரிக்கப்பட்டு, உங்கள் கையில் கிடைக்கிறது. 'ஏர்ல் கார்ன்வாலிஸ்' என்று பெயர், மார்பில் கார்ட்டர் நட்சத்திரம்.

அவர் ஏர்ல் ஆனது 1762இல், தந்தை இறந்தபோது. யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தது 1781இல். கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட 1786இலேயே கார்ட்டரும் கிடைத்தது. திப்புவுடனான போர் முடிந்த 1792இல் மார்க்வஸ் ஆக உயர்த்தப்பட்டார். ஆக, ஏர்ல் என்ற எழுத்தும் கார்ட்டர் நட்சத்திரமும் சேர்ந்து இருக்கக்கூடிய காலம் 1786 முதல் 1792 வரை. ஒரு தேதியும் இல்லாமல் ஆறு ஆண்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். நட்சத்திரம் இல்லாவிட்டால் அது அமெரிக்கத் தோல்விக் காலத்தை ஒட்டிய முகமாக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய தகட்டில் ஏர்ல் என்பதைச் சுரண்டி மார்க்வஸ் என்று மாற்றுவது கடைக்காரருக்கு அரை நாள் வேலை. அதனால் எழுத்து எழுத்தின் தேதியை மட்டும்தான் சொல்லும், உடை உருவத்தின் தேதியைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நார்த் பிரபு இன்னொரு பாடம். 1770 முதல் 1782 வரை பிரதமர், அமெரிக்கக் காலனிகளை இழந்தவர் என்ற பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. பெயரில் 'லார்டு' இருந்தாலும் பிரபுக்கள் அவையில் அவருக்கு இடமில்லை. கில்ஃபோர்டு ஏர்லின் மூத்த மகன் என்பதால் மரியாதைக்கு வந்த பட்டம் அது. தந்தை இறந்து 1790இல்தான் உண்மையான ஏர்ல் ஆனார், 1792இல் இறந்துவிட்டார். கில்ஃபோர்டு ஏர்ல் என்ற பெயரில் அவர் படம் கிடைத்தால் அந்த எழுத்து 1790க்குப் பிந்தியது.

எழுத்து வேண்டுமென்றே பழைய பட்டத்தைச் சொல்வதும் உண்டு. பிரிட்டிஷ் அரசியல் தலைவர் வில்லியம் பிட் 1766இல் சாத்தம் ஏர்ல் ஆகிவிட்டார். ஆனால் அமெரிக்கர் சார்ல்ஸ் வில்சன் பீல் 1768இல் வெட்டிய மெசோடின்டில் அவர் வெறும் 'மிஸ்டர் பிட்'. ரோமானிய உடை, எரிகிற பலிபீடம், பின்னால் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட வைட்ஹால் கட்டடம். பிறருடைய சுதந்திரத்தில் கைவைக்க மறுப்பவர் என்று அடியில் புகழ்ச்சி. அமெரிக்கக் காலனிகள்மேல் விதித்த முத்திரை வரியை எதிர்த்துப் பேசிய பழைய பிட்தான் காலனிக்காரர்களுக்கு வேண்டியிருந்தார், புது ஏர்ல் அல்ல. படம் அவ்வளவாக விற்கவில்லை என்பது வேறு கதை.

சரி, இப்போது முகம்

முகம் அவருடையதுதானா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். 1743இலிருந்து லண்டனில் நாப்டன் சகோதரர்கள் வெளியிட்ட பிரமுகர் படத்தொகுப்புக்குப் பெரும்பாலான தகடுகளை வெட்டியவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஹூப்ராகன். அபாரமான கைத்திறன். ஆனால் லண்டனிலிருந்து எந்த ஓவியத்தை அனுப்பினாலும் யாருடையது என்று விசாரிக்காமல் வெட்டினார் என்று ராபர்ட் வால்போலின் மகனும் எழுத்தாளருமான ஹொரேஸ் வால்போல் குற்றம் சாட்டினார். சாமர்செட் ஏர்ல் ராபர்ட் கார், சார்லஸ் மன்னரை வீழ்த்திவிட்டு ஆண்ட கிராம்வெலின் செயலர் தர்லோ ஆகிய இருவரின் படங்களுக்கும் அந்த ஆட்களுக்கும் துளியும் ஒற்றுமை கிடையாது என்றார். இந்தத் தாள்கள் இன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இன்னும் துணிச்சலான வேலையும் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் பியர் லொம்பார், ஓவியர் வான் டைக்கின் முதலாம் சார்லஸ் மன்னர் குதிரைச் சவாரி ஓவியத்தை ஆதாரமாக வைத்து ஒரு பெரிய தகடு வெட்டினார். அந்தத் தகட்டில் கிராம்வெலின் தலையும் இருந்திருக்கிறது, சார்லஸின் தலையும் இருந்திருக்கிறது. ஆட்சிக்கு ஏற்பத் தலையை மட்டும் சுரண்டி மாற்றியிருக்கிறார்கள். சுரண்டியபின், அடுத்த தலை வைப்பதற்கு முன் எடுத்த தலையில்லாப் பிரதிகளும் இருக்கின்றன. குதிரை மட்டும் எந்த ஆட்சியிலும் மாறவில்லை.

உண்மையான முகமாக இருந்தாலும் அது தயார்செய்த முகம். ரெனால்ட்ஸ் தீட்டி பார்த்தலோட்ஸி வெட்டிய லார்டு சான்சலர் (நாட்டின் உயர் நீதிப் பதவி) தர்லோவின் படத்தைப் பாருங்கள், மேலே வந்த செயலர் தர்லோ வேறு ஆள். அடர்ந்த புருவம், உலகத்தின் நியாயம் முழுவதும் தன் தோளில் என்பது போன்ற பார்வை. தர்லோ தோற்றத்தில் தெரிகிற அளவுக்கு எந்த மனிதனும் புத்திசாலியாக இருக்க முடியாது என்று அரசியல்வாதி சார்ல்ஸ் ஃபாக்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். கேலிச்சித்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்கு நல்ல மருந்து. நார்த்தின் கம்பீரமான படத்தோடு, 1774இல் வந்த, அமெரிக்காவின் வாயில் அவர் வலுக்கட்டாயமாகத் தேநீர் ஊற்றும் கேலிப்படத்தையும் பாருங்கள்.

வாங்குகிறவர்களுக்கு

வாங்குவதற்கு முன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லண்டன் தேசிய உருவப்படக் கூடம் இரண்டின் இணையச் சேகரிப்பிலும் அந்தப் பெயரைத் தேடி, தகட்டின் அளவையும் எழுத்தையும் ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது எட்மண்ட் லாட்ஜின் பிரமுகர் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். 1814இல் தொடங்கிப் பல பதிப்பு கண்டது. அடியில் இன்னார் மாளிகையில் உள்ள ஓவியத்திலிருந்து என்று எழுதியிருக்கும். பயிற்சிக்கு நல்லது, பொக்கிஷம் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். நிறம் பூசிய படங்களிலும் ஜாக்கிரதை, பலவற்றில் நிறம் விற்பனைக்காகப் பின்னால் ஏற்றியது.

ஓரம் முழுக்கக் கத்தரித்த பிரதிகள் ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார் ஆங்கிலேயப் பிரமுகர்களின் அச்சுப் படங்களை வகைப்படுத்தி ஒரு வாழ்க்கை வரலாற்று நூல் வெளியிட்டார். பெயர்ப் பட்டியல் கையில் கிடைத்ததும் கனவான்களுக்குப் பித்துப் பிடித்தது. பழைய புத்தகங்களிலிருந்து படங்களைக் கிழித்து, கத்தரித்து, தங்கள் பிரதியில் ஒட்டினார்கள். முப்பது ஆண்டுகளாக ஒன்றிரண்டு ஷில்லிங்குக்கு மெசோடின்ட் வாங்கிவந்த ஹொரேஸ் வால்போல், அடுத்த ஆண்டே, இப்போது மட்டமானதற்கே ஐந்து ஷில்லிங், பெரும்பாலானவை அரை கினியிலிருந்து ஒரு கினி (21 ஷில்லிங்) வரை என்று கடிதத்தில் புலம்பினார். கத்தரித்த பிரதி மலிவாக, கறுப்பு நன்றாக இருந்தால் நான் வாங்குவேன். அகன்ற ஓரமும் வெளுத்த படமும் எனக்கு வேண்டாம்.

கடைசியாக, நம் ஊர் ஈரமும் வெயிலும் ராமபாணப் பூச்சியும். லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடவே கூடாது. அமிலமில்லா அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதக் கீல் வைத்து, கோதுமை மாவுப் பசையால் ஒட்டுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். கண்டுபிடித்த விவரங்களைத் தாளின் பின்பக்கம், கீழ் ஓரத்தில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு வந்துவிடும்.